ராயப்பன் குடிக்காத பாயசம்

ஜூன் 3, திங்கள்

புது வேலை, புது டைரி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்குப் புத்தாண்டுக்கு யாரோ கொடுத்த டைரி. ஆறு மாதமாக வேனில் வைத்து வெயிலில் வாட்டிவிட்டு, "நீ ஏதாச்சும் எழுது லில்லி" என்று இன்றைக்குத்தான் நீட்டுகிறார் என் வீட்டுக்காரர். பழசைத் தள்ளிவிட வீட்டில் வேறு ஆள் கிடைக்கவில்லை போல.

பிரசவ வார்டில் நர்சாக இத்தனை வருஷம் கத்தலைக் கேட்டாயிற்று, மனநல இல்லத்தில் புதிதாக என்ன கத்திவிடப் போகிறார்கள் என்றுதான் ஒப்புக்கொண்டேன். திருநெல்வேலிக்கு வெளியே, வேப்பமரம் சூழ்ந்த நல்ல இடம். சொந்தக்காரரும் டாக்டரும் ஒருவரே, டாக்டர் சற்குணம். வாரத்தில் இரண்டு நாள் வருவார், மற்ற நாள் டவுனில் கிளினிக். ஆண்கள் வார்டுக்கு நான் பொறுப்பு. முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். எனக்கு உதவியாகப் பகலில் இரண்டு பேர், ராத்திரிக்கு ஒரே ஒருவர், செல்லையா.

மாத்திரை கொடுக்கும் நேரம்தான் யுத்தம். நாலு பேர் வாங்கவே மாட்டேன் என்கிறார்கள். அவர்களுக்குத் தலைவர் ராயப்பன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், வள்ளியூர் பக்கம். மச்சினன் சோற்றில் விஷம் வைத்துவிட்டதாகச் சொல்லிச் சொல்லியே வேலை போய், பெண்டாட்டி போய், இங்கே வந்து சேர்ந்தவர். இன்றைக்கு இரண்டு பேர் கையைப் பிடிக்க, ஒருவர் மூக்கைப் பிடிக்க, நான் வாயில் போட்டேன். அப்படியே என் வெள்ளைக் கோட்டில் துப்பினார். முதல் நாள் மரியாதை அமோகம்.

ஜூன் 6, வியாழன்

எனக்கு மூளை இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம். என் மகள் ஜாஸ்மின் சின்ன வயதில் மாத்திரை என்றால் வீட்டையே இரண்டாக்குவாள். பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்துத்தான் அவளை வளர்த்தேன். அதையே டாக்டரிடம் சொன்னேன்.

"நல்ல யோசனை சிஸ்டர். சண்ட இல்லாம உள்ள போனா சரி."

"அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லணுமா டாக்டர்?"

"சொன்னா சாப்பிடுவாங்களா?" என்று சிரித்தார். அதுவும் சரிதான்.

தட்டு மாறிவிடக் கூடாதே. நாலு தட்டுக்கு அடியிலும் ஜாஸ்மினின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். சமையல்காரருக்கும் செல்லையாவுக்கும் காட்டியாயிற்று. மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

ஜூன் 10, திங்கள்

இப்போதுதான் வார்டு ஒரு வார்டாக இருக்கிறது. கைபிடி இல்லை, மூக்குப்பிடி இல்லை. உதவியாளர்கள் என்னைச் சாமியாக்கி மாலை போடாத குறை.

மத்தியானம் ராயப்பன் என் மேஜைக்கு வந்து, ரகசியம் சொல்வதுபோலக் குனிந்தார். "சிஸ்டர், ஒங்கட்ட மட்டும் சொல்லுதேன். என் சோத்துல மருந்து வைக்காவ."

"யாரு அண்ணாச்சி வைப்பா? நானா?"

"நீங்க புதுசு. ஒங்களுக்குத் தெரியாது" என்றார்.

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டாக்டரிடம் சொன்னேன். சாப்பாட்டின் மேல் சந்தேகம் கூடியிருக்கிறது என்று கேஸ் ஷீட்டில் எழுதி, மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

ஜூன் 14, வெள்ளி

ராயப்பன் கெட்டிக்காரர். இப்போது தோல் உரிக்காத வாழைப்பழமும் ஓடு உடைக்காத அவித்த முட்டையும் மட்டும்தான் சாப்பிடுகிறார். அதில் யாரும் கைவைக்க முடியாதாம். இன்றைக்குத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர் தட்டைத் தூக்கிப் பார்த்தார். மற்ற மூவரிடமும் ஏதோ சொல்லி வைத்திருக்கிறார் போல, அவர்களும் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஒருவர் நோய் நாலு பேருக்குப் பரவுவதை இப்போதுதான் பார்க்கிறேன். டாக்டரும் அதையேதான் சொன்னார்.

இந்த வார்டில் எனக்குச் செல்லப்பிள்ளை பேச்சிமுத்து. முப்பது வயது ஆள், மனசு ஆறு வயதில் நின்றுவிட்டது. வலிப்புக்கு ஒரே ஒரு மாத்திரை, வேறு மருந்து ஒன்றும் கிடையாது. அதைத் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, "இன்னொண்ணு?" என்பான். தித்திப்பு என்றால் உயிர். மாதம் ஒரு ஞாயிறு அவன் அக்கா ஆவுடையம்மாள் அதிரசம் கொண்டுவருவாளாம். ராயப்பன் தன் வாழைப்பழத்தில் பாதியை அவனுக்குக் கொடுக்கிறார். தோலைத் தானே உரித்து, தான் ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.

ஜூன் 17, திங்கள்

மோட்டார் ரிப்பேர். நாள் முழுக்கத் தண்ணீர் இல்லை. எனக்குக் கடைவாய்ப் பல் வேறு.

ஜூன் 20, வியாழன்

சனிக்கிழமை டாக்டருக்கு அறுபதாம் பிறந்தநாள். இல்லத்திலேயே விழா, பந்தல், நன்கொடை தருகிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள். எல்லாருக்கும் சேமியா பாயசம். நாலு பேரும் சரியாகச் சாப்பிட்டு ஒரு வாரம் ஆகிறது. பாயசத்தை யார் வேண்டாம் என்பார்கள்? நாலு டம்ளருக்கு அடியில் பொட்டு வைத்தேன். பாலிஷ் தீர்ந்துபோயிற்று, ஜாஸ்மின் விடுதியிலிருந்து வந்தால் சண்டை இருக்கிறது.

ஜூன் 22, சனி

விழா அமோகம். மைக், சால்வை, ஆளுயர மாலை. என் பட்டுப்புடவையைப் பார்த்து டாக்டரின் மனைவியே விலை கேட்டாள்.

பாயசத்தை நானே நின்று கலந்தேன். நாலு பேருக்கும் விட்டுப்போனதை ஈடுகட்ட, டாக்டரைக் கேட்டுக்கொண்டு, இன்றைய மாத்திரை முழுவதையும் ஒரே தடவையாகப் பொடித்து அந்த நாலு டம்ளரில் மட்டும் போட்டேன். கசப்புத் தெரியாமலிருக்க சர்க்கரையும் முந்திரியும் தாராளம்.

ஒரே ஒரு அபஸ்வரம். டாக்டர் பேசிக்கொண்டிருக்கும்போது பின் வரிசையில் சத்தம். பேச்சிமுத்து கையிலிருந்த டம்ளரை ராயப்பன் பிடுங்குகிறார். "குடிக்காதல, சொன்னாக் கேளு, குடிக்காதல" என்று கத்துகிறார். அந்தப் பிள்ளை அழுகிறான். விருந்தாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். தான் குடிக்காவிட்டாலும் போகிறது, குழந்தை மாதிரி இருக்கிறவன் கையிலிருந்து பிடுங்குவது என்ன குணம்? செல்லையாவுக்குக் கண்ணைக் காட்டினேன். ராயப்பனை இழுத்துக்கொண்டு போய் அறையில் விட்டார். டம்ளரைத் திரும்பப் பேச்சிமுத்து கையில் கொடுத்தாயிற்று. அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தான். நல்லவேளை, அதற்குள் எல்லாரும் டாக்டருக்குக் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.

பொழுது சாய்வதற்குள் பேச்சிமுத்து வராந்தாவிலேயே தூங்கிவிட்டான். எழுப்ப மனசில்லை. ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு வந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

பேச்சிமுத்து செத்துப்போனான்.

கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது செல்லையா போன் செய்தார். என் வீட்டுக்காரர் வேனிலேயே கொண்டுபோய் விட்டார். அதே வராந்தா. அதே இடம். நான் போர்த்திய போர்வை கலையாமல் அப்படியே கிடந்தது. முகம் சுவர்ப் பக்கம். வாய் ஓரத்தில் சேமியா. எத்தனையோ பிள்ளைகள் பிறந்த மறு நிமிஷம் தொட்டுப் பார்த்த கை இது. தொட்டவுடனே தெரிந்துவிட்டது, வெகுநேரம் ஆகிவிட்டது என்று.

"ராத்திரி பாக்கலயா செல்லையா?"

"நான் எங்க சிஸ்டர் இருந்தேன்? பந்தல் சாமான ஏத்திட்டுப் போகச் சொன்னாவ. அப்புறம் விருந்தாளியக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல விட்டேன். விடியத்தான் வாரேன்."

அப்படியானால் ராத்திரி முழுக்க வார்டில் யாருமே இல்லை. வெளிப்பூட்டு மட்டும் போட்டிருந்தது.

டாக்டர் வந்தார். தூக்கத்தில் வலிப்பு என்று சான்றிதழ் எழுதினார். அறுத்துப் பார்க்க வேண்டாம், ஏழைக் குடும்பம், ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்றார்.

ஆவுடையம்மாள் மத்தியானம் வந்தாள். நடுவயது, வயல் வேலைக்குப் போகிறவள், கையில் சேறு காய்ந்திருந்தது. அழவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடைசியா என்ன சாப்பிட்டான் சிஸ்டரம்மா?"

"பாயசம்."

"வயிறு நெறயக் குடிச்சானா?"

"குடிச்சான்."

என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்கூட இருந்தா கஞ்சியத்தான் குடிச்சிருப்பான்" என்றாள்.

ஜூன் 24, திங்கள்

காலையில் செல்லையா ஒன்று சொன்னார். ஞாயிறு விடிய அவர் வந்து பூட்டைத் திறந்தபோது அந்த நாலு பேரும் கொட்டக் கொட்ட விழித்து உட்கார்ந்திருந்தார்களாம். விழாச் சந்தோஷத்தில் தூக்கம் வந்திருக்காது.

பல் டாக்டரிடம் போக வேண்டும்.

ஜூன் 25, செவ்வாய்

சந்தோஷத்தில் தூக்கம் வராமல் போக, அவர்களுக்கு நான் போட்ட மருந்து என்ன சாதாரண மருந்தா? மாட்டைக்கூடச் சாய்த்துவிடும். காலையிலிருந்து இதே நினைப்பு. செல்லையாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"பொட்டு வச்ச டம்ளர நாலு பேருக்கும் நீங்கதான குடுத்தீங்க? குடிச்சாங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "வாங்கினாவ. குடிக்கல. மூணு பேரு பேச்சிமுத்துட்ட நீட்டுனாவ. அவன் ஒண்ணு முடிச்சு ஒண்ணா குடிச்சான். ராயப்பன் தன் டம்ளர சன்னல்ல வச்சிருந்தாரு, அதையும் போய் எடுத்துட்டான். அதுக்குத்தான சிஸ்டர் அவரு பிடுங்குனாரு."

"பாத்துட்டு ஏன் சும்மா இருந்தீங்க?"

"நீங்கதான கண்ணக் காட்டுனீங்க, அவர இழுத்துட்டுப் போன்னு."

நாலு பேரின் ஒரு நாள் மருந்து. அந்த மருந்தை ஒருநாளும் தொடாத உடம்பு. நான் கலந்தது. நான் முந்திரி போட்டது. குழாயைத் திறந்து விட்டுக் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள், எழுந்து வந்து மாத்திரை கொடுக்கப் போனேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜூன் 26, புதன்

எழுத ஒன்றும் வரவில்லை.

ஜூன் 27, வியாழன்

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அதிர்ச்சி அடைவார், நாற்காலியில் சாய்வார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அவ்வளவுதான்.

"இதுவரைக்கும் யார்ட்ட சொல்லியிருக்கீங்க?"

"யார்ட்டயும் இல்ல."

"அடுத்த மாசம் எட்டாம் தேதி மாவட்டத்துலருந்து ஆய்வுக் குழு வருது. இல்லத்துல யாரு செத்தாலும் கேப்பாங்க. வலிப்புன்னா வலிப்பு. நோண்டிக் கேட்டா, ராயப்பன் தன் பாயசத்த அவனுக்குக் குடுத்துட்டான், அவ்வளவுதான்."

"அவர் குடுக்கல டாக்டர். தடுத்தாரு."

"சிஸ்டர்." குரல் உயரவே இல்லை. "ஒங்க மேல வந்தா ஒங்க லைசென்ஸ் போகும், ஜெயிலு. என் மேல வந்தா இல்லத்த மூடிருவாங்க, முப்பது பேரு தெருவுல நிப்பாங்க. ராயப்பன் மேல போனா அவன யாரு என்ன செய்வா? மனநோயாளி. சட்டமே ஒண்ணும் செய்யாது. யாருக்கும் நஷ்டம் இல்ல."

 பயங்கரம் என்னவென்றால், கேட்கும்போது அது நியாயம் மாதிரியே இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

ராயப்பனைத் தனி அறைக்கு மாற்றியாயிற்று. பேச்சிமுத்து செத்ததிலிருந்து ஒரே கூச்சலாம். காலை மாலை ஊசி எழுதியிருக்கிறார்.

ஜூலை 1, திங்கள்

ராயப்பனுக்கு ஊசி போடுவது நான்தான், வேறு யார் இருக்கிறார்கள்? முதல் இரண்டு நாள் "அவனக் கொன்னுட்டியள, அவனக் கொன்னுட்டியள" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மூன்றாம் நாள் சொல்லவில்லை. இப்போது கை நடுங்குகிறது, எச்சில் வழிகிறது.

இன்றைக்குத் தட்டில் சோறும் சாம்பாரும் வைத்தேன். மருந்து ஒன்றும் கலக்காத சோறு. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மெல்லாமல்கூட விழுங்கினார். ஒரு பருக்கை மிச்சமில்லை. தட்டின் அடியைப் பார்க்கவில்லை. நல்ல முன்னேற்றம் என்று டாக்டர் எழுதினார்.

அவர் சாப்பிட்டதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

"என்ன லில்லி, மூஞ்சி செத்துக் கெடக்கு?" என்று இவர் கேட்டார். சொல்லிவிட்டேன். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"நீ வேணும்னு செய்யலல்லா. ஒனக்குத் தெரியாமத்தான நடந்துச்சு?"

"ம்."

"பெறகு எதுக்கு நீயா போயித் தலையக் குடுக்கணும்? ஜாஸ்மினும் நர்சுக்குத்தான் படிக்கா. அம்மா பேரு பேப்பர்ல வந்தா அவ எந்த ஆஸ்பத்திரிக்குப் போவா?"

நல்ல மனுஷர். இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் மீதியையும் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

ஜூலை 5, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுத.

ஆவுடையம்மாள் தம்பி பேரில் ஒரு நேரச் சாப்பாடு போட வந்திருந்தாள். அக்கம்பக்கத்தில் அரிசி பருப்பு கேட்டு வாங்கி, ஆட்டோவில் பெரிய பாத்திரங்களோடு வந்து இறங்கினாள். வீட்டிலேயே சமைத்து எடுத்து வந்தது. அவியல், சாம்பார், பப்படம். "இது அவனுக்குப் பிரியம்லா" என்று ஒரு தூக்கைத் தனியாகக் காட்டினாள். சேமியா பாயசம்.

சாப்பாடு எல்லாரும் சாப்பிட்டார்கள். பிறகு அவளே டம்ளர் டம்ளராகப் பாயசம் ஊற்றி வைத்தாள். யாரும் தொடவில்லை. முதலில் எனக்குப் புரியவில்லை. ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இன்னொருவர் டம்ளரை மெதுவாக நகர்த்தி வைத்தார். நாலு பேர் இல்லை, வரிசை முழுவதும். பெயர்கூடச் சொல்லத் தெரியாதவர், நாள் கிழமை தெரியாதவர், நாங்கள் ஒன்றும் புரியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பாயசத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் விடாமல் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவரிடம்கூட யாரும் கேட்கவில்லை.

கரண்டியோடு நின்றவள் என்னைப் பார்த்தாள். "ஏஞ் சிஸ்டரம்மா யாரும் குடிக்க மாட்டக்காவ? இனிப்புக் கொறைச்சலா இருக்கா?"

 கூட்டத்தைக் காட்டலாம் என்று செல்லையா ராயப்பனையும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார். ராயப்பன் என் முகத்தைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, மடமடவென்று குடித்தார். பாதி சட்டையில் வழிந்தது. குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து எனக்குக் காட்டினார்.

"இவராச்சும் குடிச்சாரே" என்று ஆவுடையம்மாள் தன் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஆட்டோ வரை அவள் கூடப் போனேன். "திங்கக்கெழம விசாரண இருக்கு. நீங்க கட்டாயம் வரணும்" என்றேன்.

"எதுக்கும்மா? நான் ஒரு கொறையும் சொல்லலியே."

"நான் சொல்லணும். நீங்க கேக்கணும்."

ஜூலை 8, திங்கள்

ஆய்வுக் குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி, வெள்ளைப் பருத்திப் புடவை கட்டிய அம்மா. டாக்டரின் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். ஆவுடையம்மாள் சுவர் ஓரமாக நின்றாள். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றில் கலக்க யோசனை சொன்னது நான் என்று. டாக்டர் சம்மதித்தார் என்று. ராயப்பன் வந்து சொன்னதும் அளவைக் கூட்டினோம் என்று. ராத்திரி வார்டில் ஆளே இல்லை என்று. டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டம்ளர் மாறினது ஒங்களுக்குப் பிறகுதான் தெரிஞ்சிருக்கு?" என்று நீதிபதியம்மா கேட்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் பேனாவும் அதை எழுதத் தயாராக இருந்தது. வீட்டுக்காரரிடமும், இந்த டைரியிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

"இல்லம்மா. அப்பவே தெரியும். நாந்தான் அந்த டம்ளர அவன் கையில திருப்பிக் குடுத்தேன். அவன் அண்ணாந்து குடிக்கயில அடியில செவப்புப் பொட்டப் பாத்தேன். பிடுங்கியிருக்கலாம். எல்லாரும் நம்மளயே பாக்காங்களேன்னு இருந்துச்சு. ஒரு டம்ளர்தான, ஒரு நாள் கூடத் தூங்கினா என்னன்னு நெனச்சேன். முன்னாடியே மூணு குடிச்சது எனக்குத் தெரியாது. ஆனா அது ராயப்பன் டம்ளர்னு தெரியும். அதனாலதான் போகும்போது போர்வ போத்திட்டுப் போனேன். தூங்குவான்னு தெரிஞ்சுதான்."

சுவர் ஓரத்தில் நின்றவளை நான் பார்க்கவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு ராயப்பனைக் கூட்டிவந்தார்கள். முகம் வழித்து, சட்டை மாற்றி, பொத்தான் எல்லாம் போட்டிருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"பயப்படாமச் சொல்லுங்க. சாப்பாட்டுல மருந்து இருக்குன்னு சொன்னீங்களா?"

"அது என் சீக்கு அம்மா. சாப்பாட்டுல ஒண்ணும் கெடையாது. இங்க நல்ல சாப்பாடு."

"அந்தப் பையனுக்குப் பாயசம் யாரு குடுத்தது?"

"நான் குடுத்தேன்."

டாக்டர் முதல் தடவையாகத் திரும்பினார். "இப்பதாம்மா தன் நோய அவரே உணர ஆரம்பிச்சிருக்காரு" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் ராயப்பன் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "அண்ணாச்சி, நீங்க சொன்னது அத்தனையும் உண்ம. மருந்து இருந்துச்சு. நாந்தான் போட்டேன். நீங்க அவனக் காப்பாத்தப் பாத்தீங்க. இப்ப சொல்லிட்டேன் அண்ணாச்சி, எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். கை நடுக்கம் கூடியது. என் முகத்தையும் டாக்டர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், மற்றவர்களுக்குக் கேட்காமல் சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் சரியாத்தான சொன்னேன் சிஸ்டர்? இன்னைக்கு ஊசி வேண்டாம்."

நீதிபதியம்மா பேனாவை வைத்துவிட்டார்.  ராயப்பனை அரசு மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லி உத்தரவு போட்டார்கள். மீதியெல்லாம் மேலே எழுதி அனுப்புவார்களாம்.

ஜூலை 10, புதன்

வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எனக்கு மனச்சோர்வு, வேலைப்பளுவில் இல்லாததைச் சொல்கிறேன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். செல்லையா போனில் சொன்னார். நாளைக்கு யாராவது கேட்டால் அவரும் அதே மாதிரிதான் சொல்வாராம், பிள்ளைகள் இருக்கின்றன, தப்பா எடுத்துக்காதீங்க என்றார். என் வீட்டுக்காரர் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனால் காலையில் எங்கே போக வேண்டும் என்று கேட்காமலே வேனை எடுத்தார்.

ஆவுடையம்மாள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் மண்ணில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு என்னென்னவோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறக்கும்போதே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"அதெல்லாம் அப்புறம். ஒங்களுக்கு எழுதத் தெரியும்லா?"

"தெரியும்."

"எனக்குத் தெரியாது. போலீஸ் ஸ்டேஷன்ல மனு குடுக்கணும். அங்க உள்ளவன எழுதச் சொன்னா அவன் டாக்டருக்கு வேண்டியவனா இருப்பான். நீங்களே எழுதுங்க."

உள்ளே போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பரீட்சைத் தாளும் பேனாவும் வாங்கிவந்து என் முன்னால் வைத்தாள். வேனில் இருந்து இவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கீரையை ஆய்ந்தபடியே சொல்லச் சொல்ல எழுதினேன். என் தம்பி பேச்சிமுத்துவை இந்த இல்லத்தில் நம்பி விட்டேன். லில்லிபாய் என்கிற நர்சு விஷமாகும் அளவுக்கு மருந்து இருந்த டம்ளரைத் தெரிந்தே அவன் கையில் கொடுத்தாள். டாக்டர் சற்குணம் அதை மறைத்தார். ராத்திரி முழுக்க அவனை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தடுத்த மனுஷனைப் பிடித்து ஊசி போட்டுவிட்டார்கள். எழுதி முடித்தேன். என் கையெழுத்து வழக்கம்போல அழகாகத்தான் இருந்தது.

"வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். என் பெயர் வந்த இடத்தை மட்டும் முணுமுணுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "சத்தமா வாசிங்க. எனக்குக் காதுல விழல."

வேனின் என்ஜினை இவர் அணைத்தார். நான் முதலிலிருந்து வாசித்தேன்.